ஓரத்தில் நிற்பவள்

பைகனூருக்கு வந்த புதிதில், ரொட்டிக்கடை வரிசையில் போய் நின்று, "யாருங்க கடைசி?" என்று கேட்டுவிட்டாள் லிதியா. வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது. முன்னால் நின்ற ஒல்லி ஆள் மட்டும் சிரித்தான்.

"ஊருக்குப் புதுசா? இங்க அந்த வார்த்தைய வாயில எடுக்கக் கூடாது, ராக்கெட்டுக்கு ஆகாது. ஓரத்துல யாருன்னு கேளு. நான்தான் ஓரம்."

"எங்க ஊர்ல கடைசின்னா கடைசிதான்."

"அதான் உங்க ஊர்ல ராக்கெட்டே இல்ல."

அவன்தான் ஸ்தெபான். ராக்கெட்டுக்கு எரிபொருள் நிரப்புகிறவன். அடுத்த வசந்தத்தில் அவளுக்குக் கணவனானான். ஏவுதளத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அவளுக்குச் சமையல் வேலையும் கிடைத்தது.

அந்த ஊரில் போன மாதம் கிளம்பிய ராக்கெட்டும் ஓரம்தான், அதற்குப் பிறகு இன்னொன்று கிளம்பவே போவதில்லை என்கிற ராக்கெட்டும் ஓரம்தான். சாயங்காலம் போகும் வேலையாட்கள் ரயிலும், புட்டியின் அடியில் மிஞ்சும் மிடறும்கூட ஓரம். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். மனிதர்களை நெருப்பின் மேல் உட்காரவைத்து அனுப்புகிற ஊர் அது, பாவம், அதற்கென்று ஒரு பயம் இருக்காதா? லிதியாவுக்கும் அந்தப் பேச்சு நாக்கில் படிந்துபோனது. ஓரத்துக்கு அப்புறம் இன்னொன்று நிச்சயம் உண்டு என்று அவள் மனசு பழகிவிட்டது.

தலை நரைத்த பிறகு ஸ்தெபானுக்கு இதயம் மக்கர் செய்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தான். ஒரு விடியற்காலை, லிதியா வேலைக்குக் கிளம்பி மேல்கோட்டுக்குப் பொத்தான் போடும்போது தொலைபேசி அடித்தது.

"லிதியா, போறதுக்கு முன்னாடி ஓரத்துத் தடவையா ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன்."

"நேத்துதான பாத்தீங்க? இன்னிக்கு ராக்கெட்டு கெளம்புது. அத்தன பேருக்கும் கஞ்சி யாரு காய்ச்சுவா, உங்க பாட்டனா?"



"சரி, போ. வெண்ணெயில கஞ்சத்தனம் பண்ணாத."

"அது கெளம்புனதும் ஓடி வந்துடறேன்."

ராக்கெட் ஒரு குறையும் இல்லாமல் மேலே போனது. சாப்பாட்டுக்கூடத்துச் சன்னல்கள் அதிர, எல்லோரும் கைதட்டினார்கள். லிதியாவும் தட்டினாள். சாயங்கால ரயிலில் ஊர் திரும்பி, சூடு ஆறாமல் துணியில் சுற்றிய கஞ்சித் தூக்கோடு மருத்துவமனைக்கு ஓடினாள். ஸ்தெபானின் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். அவன் மத்தியானமே போய்விட்டிருந்தான்.

'ஒரு வார்த்தை, அந்த ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் செருப்புக்கூட மாட்டாமல் ஓடியிருப்பேனே' என்று அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அன்றைக்கு ராக்கெட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஸ்தெபான் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வான்? அவளுக்கு அவன்மேல் கோபமாக வந்தது. 'ஓரம்' என்ற பேச்சுக்குப் பழகிப்போன தன் காதுமேல் அதைவிடக் கோபம் வந்தது.

அடக்கம் முடிந்து பல நாள் கழித்து ரொட்டிக்கடைக்குப் போனாள். யாரோ ஒரு புதுப்பெண், கையில் குழந்தையோடு ஓடிவந்து வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருங்க கடைசி?"

வரிசை திரும்பி முறைத்தது. ஓரம் என்று சொல்லித்தர ஒருத்தி வாயெடுத்தாள். லிதியா முந்திக்கொண்டாள்.

"நான்தாம்மா கடைசி. எம் பின்னாடி வந்து நில்லு."

முறைத்தவர்கள் எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.