ஐந்தாவது கல்

நான் கட்டடங்கள் வரைகிறவன். தண்டையார்பேட்டையில்தான் பிறந்து வளர்ந்தேன். படிப்பு ஏறியதும் தலைக்கனமும் கூடவே ஏறிவிட்டது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் படகு கவிழ்ந்து ஐந்து பேர் போனார்கள். நாலு உடல்கள் கரை ஒதுங்கின. ஐந்தாவது கிடைக்கவே இல்லை. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று நினைவிடம் கட்டித் தருவதாகச் சொல்ல, வேலை என்னிடம் வந்தது. சிலையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். கடலைப் பார்த்தபடி பிறை வடிவில் ஐந்து புன்னை மரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் வெட்டிய கருங்கல். புன்னை உப்புக்காற்றைத் தாங்கும். போனவர்களின் நிழலில் அவர்கள் பிள்ளைகள் உட்கார்ந்து வலை பின்னும் என்று கூட்டத்தில் பேசியபோது எனக்கே புல்லரித்தது.

உடல் கிடைக்காதவரின் மனைவி ஒருநாள் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தாள். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, பொட்டும் தாலியுமாக என் எதிரில் நின்றாள். உடல் வராததால் வீட்டில் எந்தச் சடங்கும் செய்யவில்லை என்றாள்.

"மரம் வெச்சுக்க சார். கல்லு மட்டும் வாணாம். அவரு இன்னும் வர்ல."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். நாலு கல்லோடு விட்டால் பிறை மூளியாகத் தெரியுமே என்பதுதான் என் கவலை. வருஷம் ஒன்றாகப் போகிறது, உண்மையை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று மேஸ்திரியிடம் பெரிய மனுஷன்போலப் பேசினேன். ஐந்தாவது கல்லிலும் பெயரை வெட்டச் சொன்னேன்.

கருமாதியில் செத்தவர் பேரில் கல் நிறுத்துவார்கள். என் அப்பாவுக்கு நானே நிறுத்தியிருக்கிறேன். அது அப்போது ஞாபகம் வரவில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஞாபகம் வந்தது. அந்தக் கல் வேறு, இது வேறு என்று ஒதுக்கிவிட்டேன்.

திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் அவள் மாமியார், கல்லில் தன் மகன் பெயரைப் பார்த்து மண்ணில் விழுந்தாள். ஊர்க்காரர்கள் அங்கேயே கூடிப் பேசினார்கள். கல் நின்றுவிட்டது, இனி அவள் பொட்டோடு திரிந்தால் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது என்றார்கள். கல்லைப் பெயர்த்துவிடுகிறேன் என்று குறுக்கே போனேன். நிறுத்திய கல்லை எடுப்பாயா என்று ஒருவர் என்னை நெட்டித் தள்ளினார். பெண்கள் அவளைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துப்போனார்கள். அவள் அழவில்லை. என்னைக் கடக்கும்போது மட்டும் காலை ஊன்றி நின்றாள்.

"கடலே ஒண்ணும் சொல்லாம கீது. நீ சொல்லிட்ட சார்."

அலையில் நிறுத்தி வளையலை உடைத்துத் தாலியை அறுத்தார்கள். புகைப்படக்காரர் என்னிடம் வந்து, அந்தப் பெண்கள் தெரியாதபடி ஐந்து மரங்களையும் படம் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

எடுங்கள் என்றேன்.