கிணற்றுக்கு இடப்பக்கம் நின்ற மரம்

ஊரில் அவரை நேரில் பார்த்தால் "ஓவியரே" என்பார்கள். தலை மறைந்ததும் "அளவுகோல்" என்பார்கள். அது அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. எட்டியும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டப்பெயரிலேயே பாராட்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இளவயதில் அவர் கடைப் பலகைகள் எழுதும் பட்டறையில் வேலை பார்த்தார். எழுத்து ஒரு நூல் சாய்ந்தாலும் போச்சு, முதலாளி வாயைத் திறந்து திட்டமாட்டார், பெயின்ட் சுரண்டுகிற தகட்டை எடுத்து நீட்டுவார். அந்தத் தகட்டுக்குப் பயந்தே கை நிதானத்துக்கு வந்தது. விடுமுறை நாட்களில் மிச்ச வண்ணத்தையும் ஒட்டுப்பலகைத் துண்டையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை, மலையடி, நூற்பாலைப் பக்கம் என்று போய் உட்கார்ந்து வரைவார். ஆலையை வரைந்த படம் ஒருநாள் ஆலை மேலாளர் கண்ணில் பட்டது. மனுஷருக்கு என்ன தோன்றியதோ, படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்று ஆலையின் சன்னல்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தது. மேல் வரிசையில் ஒரு கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அட்டையும் படத்தில் இருந்தது. "யோவ், நீ ஓவியன் இல்லய்யா, அளவுகோல்" என்றார் மேலாளர். ஆலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊருக்குள் வந்துவிட்டது.

அதன் பிறகு வேலைக்குப் பஞ்சமில்லை. வங்கிக்கு ஆற்றுப்பாலம், ஆஸ்பத்திரி நடைவழிக்கு மலை, பள்ளிக்கூடத்துக்குக் கடைத்தெரு. பல் டாக்டர் ஒரு ஏரியை வாங்கித் தன் காத்திருப்பு அறையில் மாட்டினார். ஊரில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஏரியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய நகரத்துக் கண்காட்சிக்கு ஒரே ஒருமுறை படம் அனுப்பினார். போன சுருக்கில் அது திரும்பி வந்தது. "நம்ம மலை அவங்களுக்கு என்ன உறவா, சட்டுனு புடிச்சுப் போக?" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

கல்யாணமும் தொழிலோடு தொழிலாக நடந்தது. படத்துக்கு ஃபிரேம் போடக் கொடுத்த கடையில், கடைக்காரரின் மகள் ரம்பத்தை வைத்துக்கொண்டு மரத்தைச் சாய்வாக அறுத்து மூலை சேர்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஒல்லி ஃபிரேம் போதும். தடியாப் போட்டா, அப்பா சட்டையைப் போட்டுக்கிட்ட சின்னப் பையன் மாதிரி ஆயிடும்" என்றாள் நிமிராமலே. அவளையே கட்டிக்கொண்டார். வீட்டில் முன்னறை இவருக்கு, பின்னறை அவளுக்கு. இங்கே டர்பன்டைன் வாசனை, அங்கே பசை வாசனை. நடுவிலிருந்த சமையலறையில் சாப்பிட உட்காரும் விருந்தாளிகள் எதற்கும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள்.

இனி ஒரு ரகசியம். அளவுகோல் பொருட்களை நகர்த்துவார். மலைச்சரிவைக் குறுக்கே வெட்டுகிற கம்பம் நாலடி தள்ளிப் போய் நிற்கும். ரொம்ப நீளமான வேலி பாதியில் முடிந்துவிடும். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நிலக்காட்சி வரைகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். கண் போய் உட்கார ஓர் இடம் வேண்டாமா? ஆனால் ஊரே அளவுகோல் என்று கூப்பிட்ட பிறகு அதை எந்த வாயால் சொல்வது? முதலில் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை, அப்புறம் சொல்ல மனசு வரவில்லை. வீட்டில் மனைவிக்குத் தெரியும். படம் பின்னறைக்கு வந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னைக்கு எதைத் தூக்கி எங்க வெச்சீங்க?" என்பாள். வெளியே அவராக யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவர் படங்களில் பேர் வாங்கியது கிணற்றடிப் படம். ஊர் எல்லையில் ஒரு விவசாயியின் நிலம். நடுவில் கிணறு, பக்கத்தில் பெரிய மரம், பின்னால் வலப்புறம் மலை. மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த விவசாயி உட்கார்ந்திருப்பார், கட்டைவிரல் நகம் அளவுக்கு. ஊர் மன்றம் அந்தப் படத்தை வாங்கித் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியது. மாட்டிய அன்று தலைவர் எழுந்து, இந்த ஊரே அழிந்துபோனாலும் ஓவியரின் படங்களைப் பார்த்து அப்படியே மறுபடி கட்டிவிடலாம் என்று பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அளவுகோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்ன அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அடக்கமாவது ஒன்றாவது. நிஜத்தில் அந்த மரம் கிணற்றுக்கு வலப்பக்கம், மலையின் உச்சியை மறைத்துக்கொண்டு நின்றது. மலை இல்லாமல் படம் ஏது? மரத்தை அலாக்காகத் தூக்கி இடப்பக்கம் வைத்துவிட்டார்.

வருடங்கள் போயின. விவசாயி காலமானார். ஒரு புயலில் மரம் வேரோடு சாய்ந்து விறகாகப் போயிற்று; குழியும் தூர்ந்து, உழுது உழுது இருந்த தடமே தெரியாமல் போனது. அளவுகோலும் எழுபதைத் தொட்டார். ஊர் மன்றம் அவருடைய படங்களையெல்லாம் சேர்த்துத் தனி அறை ஒன்றில் மாட்டுவதென்று தீர்மானித்தது. அறை வாசலில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு பலகை. அதை அவர் கையாலேயே எழுத வேண்டும் என்பது தலைவரின் ஆசை. பலகைப் பட்டறையில் தகட்டுக்குப் பயந்த கை, தன் அறைக்கே பலகை எழுதப் போகிறது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பலகைக்கு வெள்ளை பூசிக் காய வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கிணற்றுச் சண்டை வந்தது.

அந்த விவசாயிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் மீசை அரும்பும் வயதிலேயே கப்பல் வேலைக்குப் போய்விட்டார். தகப்பனார் சாகும்போதும் கடலில்தான் இருந்தார். இளையவர் நிலத்தோடு இருந்து நாற்றுப் பண்ணை வைத்தார். தகப்பனார் எழுதிவைக்கும் ரகமில்லை, வாயாலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்: மரத்துக்கு மலைப்பக்கம் பெரியவனுக்கு, சாலைப்பக்கம் சின்னவனுக்கு. இப்போது இளையவரும் இல்லை. பண்ணையை அவர் மனைவி நடத்துகிறாள். மூத்தவர் ஊர் திரும்பி மாடுகள் வாங்கிக் கட்டினார், கிணறு தன்னுடையது என்றார். "எங்க பக்கம்தான் அத்தான், மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு" என்றாள் தம்பி மனைவி. "மரம் எங்க நின்னுச்சுன்னு ஊருக்கே தெரியும். மன்றத்துல போய்ப் பாரு" என்றார் மூத்தவர். படத்தில் மரம் இடப்பக்கம், அதாவது சாலைப்பக்கம். அப்படியானால் கிணறு மலைப்பக்கத்தாருக்கு. மூத்தவர் பொய் சொல்லவில்லை, அவர் படத்தை நம்பினார். அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் அவர்களும் இடப்பக்கம் என்றே சொன்னார்கள். இத்தனை வருடம் படத்தைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் தலைக்குள்ளேயே மரம் இடம் மாறிவிட்டது. கிணறு கைவிட்டுப் போனால் அவளுடைய நாற்றுகள் ஒரு வாரம்கூடத் தாங்காது.

செய்தி கேட்ட அன்று அளவுகோல் தூரிகையைக் கழுவாமலே வைத்துவிட்டு எழுந்தார். பின்னறைக்குப் போனார். புது அறைக்கு வேண்டிய ஃபிரேம்களை மனைவி மாதக்கணக்காகச் செய்து சுவரோரம் அடுக்கியிருந்தாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டா சொல்லுவேன்."

"யாரு கேக்கப் போறா? உங்க வார்த்தைக்கு மேல உங்க படத்தை நம்புறாங்க."

"நான் என்ன கோர்ட்டுக்கா வரைஞ்சேன்? மலை தெரியணும்னு வரைஞ்சேன்."

"அதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க போய்ச் சொல்லுங்க."

"சொன்னா அந்த ரூம் அவ்வளவுதான்."

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். அடுக்கியிருந்ததைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். அவளுக்கும் அந்த அறைமேல் ஆசைதான், யாருக்குத்தான் இருக்காது? "போனாப் போகுது. ஃபிரேமுக்கு வேற படமா கிடைக்காது?" என்றாள்.

வழக்கு மன்றத்துக்கு வந்த அன்று கூடத்தில் எள் விழ இடமில்லை. தலைவரின் தலைக்கு மேல் கிணற்றடிப் படம். அளவுகோலை எழுப்பி நிறுத்தித் தலைவர் கேட்டார்.

"இது நீங்க வரைஞ்ச படம்தானே?"

"ஆமா."

"அந்த இடத்துலயே உக்காந்து வரைஞ்சதுதானே?"

"ஆமா."

"அவ்வளவுதான், உக்காருங்க ஓவியரே."

அவரும் உட்காரத்தான் போனார். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, இதில் பொய் எங்கே இருக்கிறது? அப்போது எதிர் வரிசையில் தம்பி மனைவி கண்ணில் பட்டாள். நகக்கண்ணில் மண்ணோடு வந்திருந்தாள், அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மரம் அங்க இல்ல" என்றார்.

"அதான் புயல்ல விழுந்துடுச்சே."

"விழறதுக்கு முன்னாடியும் அங்க இல்ல. கிணத்துக்கு வலப்பக்கம் நின்னுச்சு. நான்தான் நகர்த்தினேன்."

"மரத்தையா?"

"படத்துல. மலையை மறைச்சுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் நாற்காலியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வேற எதையாவது இப்படி நகர்த்தியிருக்கீங்களா?" என்றார் மெதுவாக.

"பாலத்தைத் தவிர அநேகமா எல்லாத்தையும்" என்றார் அளவுகோல்.

தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ள யாரும் பொய் சொல்லமாட்டார்கள் அல்லவா? கிணறு நாற்றுப் பண்ணைக்கே என்று முடிவாயிற்று. அறைத் திறப்பு விழா 'இப்போதைக்கு வேண்டாம்' என்றானது. பிறகு ஊர் சும்மா இருக்குமா? "என் கடைக்கு ரெண்டு கதவு வரைஞ்சிருக்கீங்க, இருக்கிறது ஒண்ணுதான். சுவரை இடிச்சு இன்னொண்ணு வெச்சிடவா?" என்று முடிதிருத்துகிறவர் கேட்டார். ஆலைக்கு எதிரே நின்று சிலர் மறுபடி சன்னல் எண்ணினார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயரை இப்போது முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்தார்கள். அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். வெள்ளை பூசிய பலகை முன்னறையில் வெறுமனே சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வலித்தது.

ஒரு பிற்பகலில் அளவுகோலின் வீட்டு வாசலில் மூத்தவர் வந்து நின்றார். கிணற்றைப் பறிகொடுத்த மனுஷர், எதற்கு வந்திருக்கிறாரோ? மனைவி பின்னறையிலிருந்து சுத்தியலைக் கையோடு எடுத்துக்கொண்டே வந்து கதவருகில் நின்றாள்.

"கிணத்துக்காக வரல. அது முடிஞ்சுது" என்றார் அவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். படத்துல எங்க அப்பா இருக்காரு. எங்கிட்ட அவரோட போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது. வயசான காலத்துல அவர் எப்படி இருந்தாருன்னு நான் பாக்கல. ஊருக்கு வந்ததுலேர்ந்து மன்றத்துக்குப் போனா, அவரைப் பாத்துட்டுத்தான் வருவேன். அவரையாவது நெஜமா பாத்து வரைஞ்சீங்களா, இல்ல அழகுக்கு ஒரு ஆளைப் போட்டீங்களா?"

ஊர் சிரித்தபோது தன் பெயர் போனதைத்தான் அளவுகோல் நினைத்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷரிடமிருந்து எது போயிருக்கும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

"இருந்தாரு" என்றார். "வாளியைக் கவுத்துப் போட்டு நாள் முழுக்க மரத்தடியில உக்காந்திருந்தாரு. சாயங்காலமா எழுந்து வந்து படத்தைப் பாத்தாரு. 'என்னய்யா, மரத்தை இந்தப் பக்கம் கொண்டாந்துட்ட?'ன்னாரு. மலை தெரியணும்ல, அதான்னேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'அப்படின்னா என்னையும் சேத்து நகர்த்து. நிழல் இல்லாம நான் மட்டும் அங்க உக்காந்து என்ன பண்றது?'ன்னாரு. அதனால ரெண்டு பேரையும் சேத்துத்தான் இடப்பக்கம் வெச்சேன்."

மூத்தவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. "அவர்தான்" என்றார். "அவருதான் இப்படிப் பேசுவாரு." மனைவி சுத்தியலை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அப்பா எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று காட்ட முடியுமா என்று கேட்டார் மூத்தவர். மறுநாள் காலை இருவரும் நிலத்துக்குப் போனார்கள். அளவுகோல் அன்று தான் உட்கார்ந்து வரைந்த இடத்தில் போய் நின்றார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரிகையை நீட்டிப் பிடித்தார், பிறகு நடந்துபோய்க் கிணற்றுக்கு வலப்பக்கம் நின்று "இங்க" என்றார். மூத்தவர் கிணற்றடியில் கிடந்த வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அங்கே உட்கார்ந்தார். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.

நாற்றுப் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி இதையெல்லாம் பார்த்தபடியே இருந்தாள். சண்டை தொடங்கியதிலிருந்து அவளுக்கும் மூத்தவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவள் பண்ணைக்குள் போய், பையோடு ஒரு மரக்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூத்தவரைப் பார்க்காமல் அளவுகோலிடம் கேட்டாள்.

"மரம் சரியா எந்த இடம்? இந்தத் தடவை அங்க இங்க நகர்த்தாம சொல்லுங்க."

அளவுகோல் வாளியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். வாளிக்கு ஒரு முழம் பின்னால் செருப்பு நுனியால் மண்ணில் ஒரு குறி போட்டார். மூத்தவர் எழுந்து மண்வெட்டி எடுக்கப் போனார்.