நாலு வினாடிப் பிறை

சிங்கப்பூர்த் தேக்காவில் தையற்கடை வைத்து நாற்பது வருடம் பிழைத்த ஜலாலுதீனுக்கு, கைப்பேசியில் நிலவைப் பிடிப்பது இவ்வளவு பெரிய வித்தை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நோன்பு பாதியில், முழு நிலவன்று எடுத்த முதல் படத்தில் நிலவு தெருவிளக்கு போல வெறும் வெள்ளையாக விழுந்தது. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமாம். குறைத்தார், படம் ஆடியது. பொத்தானைத் தொட்டாலே ஆடுமாம். முக்காலியில் வைத்து, இரண்டு வினாடி தாமதம் குறித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும் என்றது யூடியூப். தொட்டுத் தொட்டே சோறு தின்ற கைக்குத் தொடாமல் நிற்பது பெரும்பாடாக இருந்தது.

எல்லாம் மனைவி சாயிரா பானுவுக்காக. பெருநாள் மாலையில் இருவரும் தெம்பனிஸில் கார்கள் நிறுத்தும் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையின் மேல்தளத்துக்குப் போய்ப் பிறை பார்ப்பது முப்பது வருட வழக்கம். "பிறைக்குள்ள மீதி நிலாவும் வட்டமாத் தெரியுது பாருங்க" என்பாள். "உன் கண்ணுக்கு மட்டும் எல்லாம் தெரியும் லா" என்று சீண்டுவார். இந்த வருடம் இடுப்பெலும்பு முறிந்து அவள் மருத்துவமனையில் கிடந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமாகியும் காலைத் தரையில் ஊன்ற மறுத்தாள். "இனி நடந்து என்ன ஆவப்போவுது?" என்ற அவள் பேச்சுதான் அவரை அரித்தது.

பெருநாள் மாலை மேகம் அரைமணி நேரம் போக்குக் காட்டிவிட்டு விலகியது. அவசர அவசரமாக ஏழெட்டுப் படம் எடுத்தார். பதற்றத்தில் ஒரு படத்துக்கு மட்டும் வெளிச்சம் நாலு வினாடி உள்ளே விழும்படி திறந்தே வைத்துவிட்டார். அப்படியே பஸ் ஏறி மருத்துவமனைக்கு ஓடினார்.

கூர்மையான பிறைகளைச் சாயிரா பானு அரைமனதாகப் பார்த்தாள். கெட்டுப்போன அந்த நாலு வினாடிப் படத்தை அவர் வேகமாகத் தள்ள, அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க."

பிறை ஊதிப்போயிருந்தது. ஆனால் அதன் மடியில், சாம்பல் நிறத்தில், மீதி நிலவு முழு வட்டமாக இருந்தது. ஜலாலுதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீ சொன்னது நெசந்தான் பானு. என் கண்ணுக்குத்தான் தெரியலை."

"தெரியாமலா வருஷா வருஷம் கூட வந்தீங்க?"

"நீ பாக்குறதைப் பாக்க வந்தேன்."

அவள் காலை மூடியிருந்த போர்வையை விலக்கினாள். பிறகு, "நர்ஸைக் கூப்பிடுங்க. வாக்கரைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள்.

தாதி ஒரு பக்கம் நிற்க, அவள் கால் தரையைத் தொட்டது. உடம்பு நடுங்கியது. அவர் பதறிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. அடுத்த வருஷம் நான் மேல ஏறி வரணும்ல."

ஜலாலுதீன் கையை எடுத்துவிட்டு நின்றார்.