நான்கு மணிக்கு வெளியான செய்தி

என் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் செத்துவிட்டார் என்று எழுதியவள் நான். இதை வெளியில் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததை முதலில் சொல்லியாக வேண்டும். நம் பங்கின் அன்பியக் குழு உறவுகளே, பொறுத்துப் படியுங்கள். இதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

என் பெயர் ரெஜினா. ஆவூர் சவரிமுத்துவின் மகள். அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. பக்கத்து ஊர் கருப்பையா மாமாவும் அப்பாவும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரே கிணற்றில் இறங்குகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டபோது, இனிமேல் கிணற்று வேலைக்குப் போகக் கூடாது என்று அம்மா மாதா படத்தின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பா கட்டிடங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போவதாகச் சொல்லித்தான் வீட்டை விட்டுப் புறப்படுவார். நாங்களும் நம்பினோம்.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். பட்டப்படிப்போடு சேர்த்து இதழியலும் இணைய எழுத்தும் ஒரு தனிப் பாடமாகப் படித்தேன். அதற்காகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கடை மாடியில் இருந்த இணையச் செய்தித் தளத்தில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைப்பின் முதல் சொற்களிலேயே படிப்பவரின் வயிறு கலங்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அது சட்டென்று வந்துவிட்டது. "ரெஜினா மாதிரி போடுங்கப்பா" என்று ஆசிரியர் மற்ற பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவேன், ஜெபமாலையும் சொல்வேன். ஆனால் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது நேற்று நான் எழுதியதை எத்தனை பேர் படித்தார்கள் என்பதைத்தான்.

போன தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இலுப்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய கிணற்றை ஆழப்படுத்தும்போது மண் சரிந்து இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று மதியம் செய்தி வந்தது. பெயர் தெரியவில்லை. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு காப்பி எழுதி வச்சுக்கம்மா. உயிரோட எடுத்தா ஒண்ணு, இல்லைன்னா ஒண்ணு. எது வருதோ அதைப் போட்டுருவோம்."

பத்திரிகை வேலையில் இது வழக்கம்தான். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். தப்பு என்னிடம் இருந்தது. உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்ற செய்தியை நான்கு வரியில் முடித்துவிட்டேன். சடலமாக மீட்கப்பட்டார்கள் என்ற செய்தி ஒரு பக்கம் ஓடியது. கதறித் துடித்த மனைவி என்று எழுதினேன். அந்த மனைவி யார், எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரியாது. எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் தளத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு செய்திக்கு நேரம் குறித்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் அது தானாகவே வெளியாகிவிடும். அதை முந்தின நாள்தான் கற்றுக்கொண்டிருந்தேன். சாவுச் செய்திக்கு நான்கு மணி என்று குறித்தேன். அவ்வளவு மண்ணுக்குள் கிடந்தவர்கள் பிழைக்கவா போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவேளை பிழைத்தால் எடுத்துவிடலாம், இல்லையென்றால் மற்ற தளங்களை முந்திக்கொண்ட பெயர் எனக்கு வரும். ஆசிரியரிடம் சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் எங்கள் நிருபர் அங்கிருந்து பேசினார். ஆசிரியர் போனை மேசை மேல் வைத்து எல்லோரும் கேட்கும்படி பேசுவார்.

"பேரு கெடைச்சிருச்சு சார். ஒருத்தரு கருப்பையா. இன்னொருத்தரு சவரிமுத்து, ஆவூர்."

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். பையை எடுத்தேனா, யாரிடமாவது சொன்னேனா, எதுவும் நினைவில்லை. இலுப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்து, "குடி தாயி" என்றார்.

அன்னவாசலைத் தாண்டும்போதுதான் நான்கு மணி நினைவுக்கு வந்தது. என் போனிலிருந்து அதை எடுக்க முடியாது, அலுவலகக் கணினியில்தான் முடியும். ஆசிரியருக்கு அடித்தேன், அவர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி மறுபடி அடித்தேன். பிறகு போனை மடியில் போட்டுவிட்டு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, அப்பாவைக் கொடுத்துடும். வேற எதுவும் கேக்க மாட்டேன்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கருப்பையா மாமா பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான்கு மணிக்கு என் போன் அடித்தது. நான் எழுதிய செய்தி எனக்கே வந்திருந்தது.

நான் போய் இறங்கியபோது கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ரெண்டு பேரும் முடிஞ்சாச்சாம்ல. இவிங்க மறைக்கிறாய்ங்க" என்று ஒருவர் அதிகாரிகளைத் திட்டினார். தீயணைப்பு வீரர் ஒருவர் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார்.

"கருப்பையா சம்சாரம் யாரும்மா? உள்ள இருந்து அவங்களத்தான் கேக்குறாரு. ரெண்டு வார்த்தை பேசுனா தெம்பா இருப்பாரு."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் சொன்னார்: "இப்பத்தான் போன்ல நியூஸ் வந்துச்சுங்க. செத்துட்டாங்கன்னு எவனோ சத்தமா படிச்சான். அந்தப் புள்ள அப்படியே சாஞ்சிருச்சு. ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக."

நான் சவரிமுத்துவின் மகள் என்று சொன்னேன். என்னை விளிம்புக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, கூப்பிடச் சொன்னார்கள். "அப்பா" என்றேன். கீழேயிருந்து "ஆத்தா, கிட்ட வராத" என்று அப்பா குரல் வந்தது. அதற்குப் பின்னாலேயே மெலிசாக இன்னொரு குரல்.

"ரெஜினாவா? ஒங்க அத்தை வந்துட்டாளா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க மாமா" என்றேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்.

இருட்டுவதற்கு முன் அப்பாவை மேலே எடுத்தார்கள். மாமாவின் நெஞ்சில் பாறை கிடந்ததால் அவரை எடுக்க இன்னும் நேரம் பிடித்தது. மேலே வந்தபோது அவருக்கு உயிர் இல்லை. அவர் மனைவி பஞ்சவர்ணம் அத்தை மயக்கம் தெளிந்து திரும்பி வந்தபோது மாமாவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உயிரோடுதான் இருந்தார், உங்களைத்தான் கேட்டார் என்று யாரோ அத்தையிடம் சொன்னார்கள். அத்தை கதறவில்லை. தரையில் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதியிருந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

செய்தியை அரைமணி நேரத்தில் ஆசிரியர் எடுத்துவிட்டார். யார் போட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியில் சொன்னால் தளத்துக்குத்தான் கெட்ட பெயர் என்று விட்டுவிட்டார். நான் மறுபடி அங்கே போகவில்லை.

அப்பாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதைக்கூட நாங்கள் தாங்கிக்கொண்டோம். ஆனால் கிணற்றிலிருந்து வந்த நாள் முதல் அப்பா பேசவில்லை. தொண்டையில் ஒன்றும் கோளாறில்லை, மனதில் பட்ட அடி, எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். புனித வாரம் ஆஸ்பத்திரியில் போயிற்று. உயிர்ப்பு ஞாயிறன்று வீட்டில் இருந்தோம். ஊரே கோயிலில் இருந்தது. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டமேன்னு பேசாம கெடக்காரு போல" என்று அம்மா அழுவார். எனக்கு வேறு பயம் இருந்தது. அப்பா வாயைத் திறந்தால் அந்தக் கிணற்றுக்குள் என்ன நடந்தது என்று சொல்வார். மாமா எவ்வளவு நேரம் அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வார். அப்பா பேச வேண்டும் என்று வாயால் ஜெபித்தேன், பேசக் கூடாது என்று மனதுக்குள் வேண்டினேன். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாள் கோயிலில் முழங்கால் போட்டேன். யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் போகாமல் இங்கே வந்து என்ன கேட்கிறாய் என்று எனக்குள் ஓடியது. அதை ஆண்டவர் சொன்னதாகத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். அங்கிருந்தே பஸ் ஏறினேன்.

பஞ்சவர்ணம் அத்தை வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் குறித்தது, சந்தோஷமாக எழுதியது, கிணற்றடியில் மாமாவிடம் சொன்ன பொய். அத்தையின் கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் கடலை உடைபடும் சத்தம்தான் கேட்டது. அடித்தால் நல்லது என்று நினைத்தேன்.

"நானும்தான் கும்புட்டேன்" என்றார் கடைசியில். "எங்க கருப்பரு சாமிகிட்ட. ஒஞ் சாமி கேட்டுச்சு, எஞ் சாமி கேக்கலையின்னு எங்கிட்ட வந்து சொல்லிராத."

"சொல்ல மாட்டேன் அத்தை."

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னும் என் வாயில வராது. எதிர்பாக்காத." உடைத்த கடலையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஒங்கப்பாதானே பக்கத்துல கெடந்தாரு. அந்த மனுசன் கடைசியா என்னத்தச் சொன்னாருன்னு கேட்டு எழுதிக்கிட்டு வா. நீ எழுதுறவதான? ஒரு வார்த்தை கூட்டக் கூடாது."

"அப்பா பேச மாட்டேங்கிறாங்க அத்தை."

"எனக்குத் தெரியாது. கேட்டு வா."

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. எனக்காகவும் கேட்கவில்லை, அப்பாவுக்காகவும் கேட்கவில்லை. "ஆண்டவரே, அது அத்தைக்குச் சேர வேண்டிய வார்த்தை, அப்பாகிட்ட மாட்டிக்கிட்டிருக்கு. அதை வெளிய எடுத்துக் கொடும்." அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் என் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டார். அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லி, அத்தை கேட்டதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோட்டையும் பேனாவையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தினமும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை விட்டுப்போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கத்தா" என்றார்.

அம்மா கையிலிருந்த கஞ்சி கீழே கொட்டியது. குரல் கரகரவென்று வந்தது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் எழுதினேன். அழுதால் ஒரு சொல் விட்டுப்போகுமே என்று அழாமல் எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினார். பிறகு என் தலையில் கை வைத்து, "இப்பயே கொண்டு போயிக் குடு" என்றார்.

அன்று மதியம் அத்தையின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். அது இவ்வளவுதான்:

"சவரி, அவ வந்தா, சாப்பிட்டாளான்னு கேளு. காலையில இருந்த சோத்தைப் பூராம் எனக்கே தூக்குச்சட்டியில போட்டு விட்டுட்டா. பானையில ஒண்ணும் இல்ல. நான் பாத்தேன். பாத்துட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நான் மேல ஏற நேரமாகும் போல. அவள ஏதாச்சும் திங்கச் சொல்லு."

அத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கணவர் இறந்ததிலிருந்து அவர் அழவில்லை என்று பிறகுதான் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"நான் அங்கிட்டு இருந்திருந்தா, சாப்பிட்டேன்னு சொல்லியிருப்பேன்த்தா" என்றார். "திங்கலதான். ஆனா சாப்பிட்டேன்னு சொல்லியிருப்பேன்."

நானும் அழுதேன். அத்தை அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். போகும்போது, "ஒங்கப்பாவ ஒருக்கா வந்து பாக்குறேன்னு சொல்லு" என்றார். சொன்னபடி வந்தார். அப்பா இப்போது பேசுகிறார், கோயிலுக்குக் கோல் ஊன்றி வருகிறார், பார்த்திருப்பீர்கள்.

நான் இதழியலை விடவில்லை. மேற்படிப்பும் அதுதான். இப்போது ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதும் முன் அவர் வீட்டாருக்குத் தெரியுமா என்று கேட்கிறேன். அதனால் பல நாட்களில் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடுகிறேன், திட்டும் வாங்குகிறேன். பரவாயில்லை.

அப்பாவைக் காப்பாற்றி மாமாவை ஏன் விட்டார் என்று ஆண்டவரைக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. யாராவது எளிதாகப் பதில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வீட்டில் இருந்தார். அதை நான் பார்த்தேன், கேட்டேன், எழுதினேன். அவருக்கு என் நன்றி. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். தீங்கு செய்துவிட்டவர்களும் கேட்கலாம். யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர்களிடம் முதலில் போங்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், பிறகு அதை அவரிடம் கேளுங்கள். என்னுடைய அந்த ஜெபத்துக்கு அவர் செவிகொடுத்தார்.