மஞ்சளாக ஏறும் நீலம்

திருப்பதிக் கல்லூரி ஆய்வகத்தில் இன்று ஒரு மாணவி சாயத்தைக் கரைக்கும் ஹைட்ரோஸ் உப்பு டப்பாவைத் திறந்ததும், அந்தக் கந்தக நெடி என்னை நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அப்போது என் அப்பா, நைனா, தொட்டியில் நீலச்சாயத்தோடு காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட, நீலம் கரைந்து மஞ்சளாகிவிடும். அதில் முக்கிப் பிழிந்த நூல்சிட்டங்கள் மூங்கிலில் மஞ்சளாகவே ஏறி, சொட்டச் சொட்ட, காற்று பட்ட இடமெல்லாம் பச்சையாகி, பிறகு நீலமாகும். நைனாவின் முழங்கையும் எங்கள் பூனையின் வாலும்கூட நீலம்தான்.

ஓர் ஆடி மாதம், புழுதிக்காற்றுக்குப் பயந்து, மறுநாள் தறிக்குப் போகவேண்டிய சிட்டங்களை நான் பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்திவிட்டேன். நைனா தாளை உருவியபோது, அது ஒட்டியிருந்த இடமெல்லாம் மஞ்சள் மாறவே இல்லை.

"மூச்சு வுடாம மூடிக்கினு இருந்தா நீலம் எப்டிம்மா வரும்?" என்று கேட்டுவிட்டு, நிறம் திட்டுத் திட்டாகிப்போன சிட்டங்களை மறுபடி முதலிலிருந்து முக்கினார்.

ஹைட்ரோஸ் எலக்ட்ரானைக் கொடுத்து நீலத்தை மஞ்சளாக்குவது ஒடுக்கம், காற்று அதைப் பறித்து நீலத்தைத் திருப்புவது ஆக்ஸிஜனேற்றம் என்று பிறகு பாடத்தில் வந்தபோது, மனப்பாடம் செய்ய எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

மாணவி நனைத்த நூல் மஞ்சளாக வெளியே வந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

"கலர் போயிடுச்சு மேடம். கொட்டிட்டு வேற கலக்கட்டா?"

"கொட்டாத. நூல ஜன்னல்ல தொங்கவுடு."

நீலமாகும் என்று எனக்குத் தெரியும், அடுத்த மேசைக்குப் போயிருக்கலாம். ஆனால் பச்சை எட்டிப்பார்க்கும்வரை அவளோடு ஜன்னலடியிலேயே நின்றேன்.