தாவீது வீட்டுக் கூறு

தாமல் ஏரிக்கரைக் காலனியில் கிறிஸ்துமஸுக்கு யாரும் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கறி வாங்குவதில்லை. எல்லா வீடும் சேர்ந்து கறிக்காரர் சிட்டிபாபுவிடம் ஒரு முழு மாட்டையே பேசிவிடும். அவர் அறுத்து, பனையோலைமேல் வீட்டுக்கு ஒரு கூறாகப் போடுவார். ஒருவர் கூறுகளைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்பார். சிட்டிபாபு ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க, நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். சொன்னது சொன்னதுதான். எலும்பு ஜாஸ்தி, ஈரல் இல்லை என்று யாரும் மூக்கைச் சிந்தக்கூடாது.

அறுபத்தொன்பதாம் வருடம் ஆவணியில் அன்னம்மாளின் புருஷன் தாவீது கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து செத்துப்போனான். பிள்ளை குட்டி இல்லை. கொழுந்தன் சின்னப்பையன் பெரிய மனுஷன் மாதிரி வந்து, "ஒண்டி ஆளுக்கு எதுக்கு அண்ணி தனிக் கூறு? எங்க கூறுலயே சேந்துக்கோ" என்றான்.

நல்ல மனசுதான். ஆனால் கூறு இல்லாத வீடு காலனிக் கணக்கில் வீடே இல்லை. நாளைக்கு ஒரு பஞ்சாயத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"என் அடுப்பு எரிஞ்சிக்கினுதான இருக்குது? எனக்குக் கூறு வேணும்பா" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டுக்கான பண வசூலுக்கும் அவள் வாசலுக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் கூப்பிடாமலே குண்டானை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். ஓலையில் போன வருஷத்தைவிட ஒரு கூறு குறைவாகத்தான் இருந்தது. முதுகைக் காட்டி நின்றவன் சின்னப்பையன். சிட்டிபாபு முதல் கூறைத் தொட்டார்.

"இது யாருக்கு?"

"எங்க அண்ணன் தாவீதுக்கு."

வருஷா வருஷம் அண்ணனிலிருந்தே தொடங்கிப் பழகிய வாய். அன்னம்மாள் குண்டானோடு முன்னால் வந்தாள்.

"சொன்னது சொன்னதுதாம்பா" என்று சிட்டிபாபு அடுத்த கூறுக்குப் போய்விட்டார். கடைசியில் சின்னப்பையன் தன் பெயரைச் சொல்லும்போது ஓலையில் ஒன்றும் மிச்சமில்லை. அவன் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. அண்ணனைப் புதைத்த அன்றுகூட அழாதவன்.

அன்னம்மாள் தன் கூறிலிருந்து ஒரு கை அள்ளி வெற்று ஓலையில் வைத்தாள். பிறகு மற்றவர்களும் ஆளுக்கொரு கை வைத்தார்கள். சின்னப்பையனுக்கும் ஒரு கூறு சேர்ந்தது.

"எடுத்துக்கோப்பா" என்றாள். "உங்க அண்ணன் போய்ட்டாரு. வூடு இருக்குது. அடுத்த வருசம் அன்னம்மான்னு கூப்புடு."

"சரி அண்ணி" என்றான் அவன், திரும்பாமலே.