பக்கத்து வீட்டில் ஒளித்த முறுக்குச் சட்டி

தலவாக்கலைக் கடைகளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்கிறேன். பெண்கள் தொழில் தொடங்கத் தரும் மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றதும், விருந்தாளி வரும்போது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று எண்ணெய்ச் சட்டி, முறுக்கு உரல், மாவு டின் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் கொண்டுபோய் வைத்தேன்.

வந்த அதிகாரி அம்மா சுற்றிப் பார்த்தார். "முறுக்கு எங்க சுடுறீங்க?"

"இங்கதாங்க மேடம்."

"ஒரு அடையாளமும் காணோமே," என்று எழுந்துவிட்டார்.

அந்த நேரம் செல்வி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஒங்க சட்டிய எப்ப எடுப்பீங்க? எங்க வீட்ல சோறாக்க எடமில்ல!"

அதிகாரி சிரித்துவிட்டார். அவள் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் பார்த்தார். மானியம் கிடைத்தது.

உழைக்கிற வீடு அப்படித் தெரிவதில் என்ன வெட்கம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இப்போது யார் வந்தாலும் அடுப்பை அணைப்பதில்லை.